முல்லைப் பந்தலில் கொண்டைக்குருவிக் கூடு: எவ்வளவு நெருங்கிப் பார்க்கலாம்?

கேள்வி
எழுதியவர்: கிணற்றடி (திருச்சி மாவட்டம்)

அனைவருக்கும் வணக்கம். காவிரியை ஒட்டிய சிற்றூர் ஒன்றில் வசிக்கிறோம். எங்கள் கொல்லையில், கிணற்றுக்கும் சமையலறைச் சன்னலுக்கும் நடுவே, முல்லைப் பந்தல் ஒன்று உண்டு. அதன் கிணற்றுப் பக்க மூலையில், என் தோள் உயரத்தில், கொண்டைக்குருவி இணை ஒன்று பங்குனித் தொடக்கத்தில் கூடு கட்டி, இப்போது அடைகாத்துக்கொண்டிருக்கிறது. கன்னத்தில் சிவப்பு இல்லாமல் வாலடியில் மட்டும் சிவப்பு இருப்பதால், இவை எங்கும் காணப்படும் சாதாரணச் சின்னான்தான் என்று நினைக்கிறேன். மெல்லிய வேர்களையும் காய்ந்த புல்லையும் சிலந்தி நூலால் பிணைத்துக் கட்டிய சிறு கிண்ணம் அது. பறவை வெளியே சென்றிருந்த வேளையில் எட்டிப் பார்த்தபோது, வெளிர் சிவப்பு நிறத்தில் செம்பழுப்புப் புள்ளிகள் அடர்ந்த மூன்று முட்டைகள் தெரிந்தன.

பிள்ளைகளுக்கு விடுமுறை தொடங்கப் போகிறது. நாள்தோறும் கூட்டைப் பார்த்துக் கைப்பேசியில் படம் எடுத்து வைக்க வேண்டும் என்று இருவரும் ஆசைப்படுகிறார்கள். மனித வாடை பட்டால் தாய்ப்பறவை முட்டையைக் கைவிட்டுவிடும் என்று என் தாயார் அவர்களைக் கிட்டேயே விடுவதில்லை. ஆனால் அவரே தினமும் மாலையில் அந்தப் பந்தலில்தான் பூப் பறிக்கிறார்; அப்போது குருவி சற்று விலகிச் சென்று, அவர் நகர்ந்ததும் திரும்பி வந்து அமர்ந்துகொள்கிறது. யாருடைய வழி சரி?

என் பெரிய கவலை வேறு. ஓட்டுக்கூரையின் இடுக்கில் அணில்கள் குடியிருக்கின்றன. பின்புறத்து மூங்கில் புதரிலிருந்து செம்போத்து ஒன்று அடிக்கடி வேலியோரம் இறங்கி வருகிறது. அடுத்த தெருப் பூனை ஒன்றும் இரவில் கிணற்று மேடையில் படுத்திருக்கிறது. கூட்டைச் சுற்றிக் கோழி வலை கட்டிவிடலாமா, அல்லது கூட்டை அப்படியே பெயர்த்து உயரமான இடத்தில் வைக்கலாமா? கத்திரி வெயில் நெருங்குவதால் பந்தலுக்கு அடியிலேயே தண்ணீரும் தீனியும் வைக்கலாமா என்பதையும் அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

மறுமொழி 1
எழுதியவர்: வேலிப்பருத்தி (பாளையங்கோட்டை)

வணக்கம் ஐயா. கூட்டைப் பெயர்ப்பது என்ற எண்ணத்தை முதலில் கைவிட்டுவிடுங்கள். தாய்ப்பறவை முட்டையைத் தேடி வருவதில்லை. தான் கட்டிய இடத்தைத் தேடி வருகிறது. நல்லெண்ணத்தோடு சில அடி தள்ளி வைத்தாலும், பழைய இடத்தில் வந்து தடுமாறிவிட்டுப் போய்விடக்கூடும்.

உங்கள் தாயார் சொல்லும் வாடைக் கதை தலைமுறை தலைமுறையாக வருவது. கை பட்டது என்ற ஒரே காரணத்துக்காகப் பெரும்பாலான பறவைகள் முட்டையையோ குஞ்சையோ ஒதுக்குவதில்லை. அவை கூட்டைக் கைவிடுவது தொல்லையால்தான். கட்டும் நாட்களிலும் முட்டையிடும் நாட்களிலும் இந்த அச்சம் மிகுதி, ஏனென்றால் அதுவரை செலவிட்ட உழைப்பு குறைவு. வேறிடம் பார்த்துக்கொள்வது அதற்குச் சுலபம். குஞ்சு பொரித்த பிறகு எளிதில் விட்டுப் போகாது. ஆகவே உங்கள் தாயார் சொல்லும் காரணம் சரியில்லை என்றாலும், பிள்ளைகளைக் கிட்டே விடாத அவருடைய முடிவு சரியானது. பூப் பறிப்பதைப் பொறுத்தவரை, அந்த இணை கூடு கட்டத் தேர்ந்தெடுத்ததே தினமும் ஆள் நடமாடும் பந்தலை என்பதைக் கவனியுங்கள். ஒருவர் வழக்கமான நேரத்தில் வந்து, கூட்டை உற்றுப் பார்க்காமல், தம் வேலையை முடித்துக்கொண்டு போவது பறவைக்குப் பழகிப்போன ஒன்று. கூட்டை மூடியிருக்கும் இலைக்கொத்துகளை மட்டும் ஒதுக்காமல் அவர் எப்போதும்போலப் பறிக்கட்டும்.

ஒருவர் நின்று முறைத்துப் பார்ப்பது அப்படியல்ல. அதைப் பறவை மட்டுமல்ல, மதில்மேல் இருக்கும் காக்கையும் கவனிக்கிறது. இலைகளை விலக்கிப் பார்த்துவிட்டு, அதே வழியில் திரும்பி நடந்தால், கூடு இருக்கும் இடத்தோடு முடிந்துபோகும் ஒரு தடத்தை நாமே போட்டுக் கொடுத்தவர்கள் ஆகிறோம். பூனை அந்தத் தடத்தைப் பின்பற்றி வரும். அமெரிக்காவின் கார்னெல் பறவையியல் ஆய்வகம் நடத்தும் நெஸ்ட்வாட்ச் என்ற திட்டத்தில், கூடுகளைப் பொதுமக்களே கண்காணித்துப் பதிவு செய்கிறார்கள். அவர்களுக்குத் தரப்படும் நெறிகளில் முக்கியமான ஒன்று, ஒரு பக்கமாக வந்து, நிற்காமல், மறுபக்கமாகக் கடந்து போக வேண்டும் என்பது. விடியற்காலையில் போகக் கூடாது, அப்போதுதான் பல பறவைகள் முட்டையிடும். அந்தி சாய்ந்த பின்னும் போகக் கூடாது. மூன்று நான்கு நாட்களுக்கு ஒரு முறைக்கு மேல் கூடாது. சுற்றிலும் காக்கை தென்பட்டால் அன்று விட்டுவிட வேண்டும். நம் ஊருக்கும் இவை அனைத்தும் பொருந்தும் என்பது என் கருத்து.

ஆனால் உங்களுக்கு இத்தனை கட்டுப்பாடும் தேவையில்லை, ஏனென்றால் உங்கள் சமையலறைச் சன்னலே மறைவிடம். உள்ளே விளக்கை அணைத்துவிட்டு, சற்றுப் பின்னால் தள்ளி உட்கார்ந்தால், வெயிலில் இருக்கும் பறவைக்கு நீங்கள் தெரிய மாட்டீர்கள். எட்டு மடங்கு பெரிதாக்கும் சாதாரண இருநோக்கி ஒன்று கிடைத்தால் கூட்டின் விளிம்பில் நடப்பது அத்தனையும் காணலாம். பிள்ளைகளிடம் கைப்பேசிக்குப் பதிலாக ஒரு நோட்டுப் புத்தகத்தைக் கொடுங்கள்.

எழுதுவதற்கு நிறையவே இருக்கும். சின்னானில் ஆணும் பெண்ணும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். எது எது என்று பிரித்தறிய முடியாது என்பதைப் பிள்ளைகளே சில நாளில் கண்டுபிடிப்பார்கள். அடைகாத்தல் ஏறக்குறைய 12 முதல் 14 நாள். பொரிக்கும் குஞ்சுகள் கண் திறவாதவை, மேலே தூவிகூட இல்லாத வெறுந்தோல். முதல் சில நாட்களில் பெற்றோர் கொண்டுவருவது பெரும்பாலும் மென்மையான புழுவும் பூச்சியுமாக இருக்கும். பழந்தின்னி என்று நாம் நினைக்கும் பறவை, குஞ்சு வளர்வதற்கு வேண்டிய புரதத்துக்காகப் பூச்சி பிடிப்பதை இந்நாட்களில்தான் நன்கு பார்க்கலாம். பிறகு பழங்கள் சேரும். கறிவேப்பிலை மரம் இருந்தால் அதன் கறுத்த பழங்களைப் பறித்துச் செல்வதைக் காண்பீர்கள். இரையோடு வரும் பறவை நேராகக் கூட்டுக்குள் நுழையாது. முதலில் ஒரு கம்பியிலோ கிளையிலோ அமர்ந்து நாற்புறமும் பார்த்த பிறகே இறங்கும். அந்த இடைத்தங்கலில் அது நெடுநேரம் உட்கார்ந்து, அலகில் இரையை வைத்துக்கொண்டு கத்திக்கொண்டே இருந்தால், அருகில் அதற்குப் பிடிக்காத ஏதோ ஒன்று இருக்கிறது என்று பொருள். பல வேளைகளில் அந்த ஏதோ ஒன்று நாம்தான். உடனே பின்வாங்கிவிட வேண்டும்.

இரை கொடுத்து முடித்ததும் குஞ்சு பின்புறத்தைத் தூக்கிக் காட்ட, வெண்ணிறப் பை ஒன்றில் வரும் எச்சத்தைத் தாய் அலகால் கவ்விச் செல்வதையும் கவனிக்கச் சொல்லுங்கள். கூட்டைச் சுத்தமாக வைப்பதோடு, வாடையும் வெள்ளைக் கறையும் எதிரிக்குக் காட்டிக்கொடுக்காமல் இருப்பதற்கும் அது உதவுகிறது. கத்திரி வெயிலில் நண்பகல் வேளையில் தாய் கூட்டின் மேல் இறகை விரித்து நின்று குஞ்சுகளுக்கு நிழல் தருவதுண்டு. அந்த நேரத்தில் அதை எழுப்பிவிட்டால் திறந்த கூட்டில் குஞ்சுகள் விரைவில் வாடிவிடும். எனவே உச்சிப்பொழுதில் கிணற்றடிப் பக்கம் பிள்ளைகள் விளையாட வேண்டாம்.

தண்ணீர் வையுங்கள், ஆனால் பந்தலுக்கு அடியில் வேண்டாம். வாயகன்ற மண் தட்டில் இரண்டு விரற்கடை ஆழத்துக்கு நீர் ஊற்றி, கூட்டிலிருந்து தள்ளி, பூனை பதுங்கி வர முடியாத திறந்த இடத்தில் வைத்து, தினமும் மாற்றுங்கள். தீனி தேவையே இல்லை. சோறும் தானியமும் வைத்தால் முதலில் வருவது காக்கையும் அணிலும்தான்.

மறுமொழி 2
எழுதியவர்: தென்னந்தோப்பு (பொள்ளாச்சி)

மேலே அம்மையார் எழுதியதில் பெரும்பாலானவற்றை ஏற்கிறேன். எனினும் எதிரிகள் விஷயத்தில் ஒன்றுமே செய்யாமல் சன்னலில் உட்கார்ந்திருக்க வேண்டும் என்பதில் எனக்கு உடன்பாடில்லை.

அணிலையும் செம்போத்தையும் விட்டுவிடலாம். அணில் முட்டை தின்னும், செம்போத்து குஞ்சையே தூக்கும், இரண்டும் உண்மை. ஆனால் அவையும் அந்தக் கொல்லையில் பிறந்து வளர்ந்தவை, அவற்றுக்கும் இது குட்டியும் குஞ்சும் வளர்க்கும் காலம். திறந்த கிண்ணக் கூடுகளில் கணிசமான பங்கு இப்படிப் பறிபோவதைக் கணக்கில் வைத்தே இந்தப் பறவைகள் ஒரே பருவத்தில் மறுபடியும் முட்டையிடுகின்றன. பூனை அப்படியல்ல. அதற்கு வயிற்றுக்கு எங்கோ ஒரு வீட்டில் பாலும் மீனும் கிடைக்கிறது, பசியில்லாமலும் வேட்டையாடும். அது நாம் கொண்டுவந்து விட்ட விலங்கு, ஆகவே அதைத் தடுப்பது நம் பொறுப்பு.

கோழி வலை வேண்டாம். சின்னான் தாராளமாக நுழையும் அளவுக்குக் கண் பெரிதாக இருந்தால் அணிலும் பாம்பும் நுழையும்; சிறிதாக இருந்தால் தாயே சிக்கிக்கொள்ளும். கட்டுவதற்கு நீங்கள் அரைமணி நேரம் கூட்டருகே நின்று தட்டிக்கொண்டிருக்க வேண்டும் என்பது அதைவிடப் பெரிய தீங்கு. தென்னையில் எலி ஏறாமல் இருக்கத் தகரம் சுற்றுவோம் அல்லவா, அதையே பந்தல் கால்களுக்குச் செய்யுங்கள். வழவழப்பான தகரத்தை இரண்டு முழ உயரத்துக்குச் சுற்றிவிட்டால் பூனையின் நகத்துக்குப் பிடி கிடைக்காது. கூடு இல்லாத பக்கத்துக் கால்களில் தொடங்கி, ஒரு நாளைக்கு ஒரு கால் என்று முடியுங்கள். கிணற்று மேடையிலிருந்து பந்தலுக்குத் தாவும் தூரம் இருந்தால் தகரத்தால் பயனில்லை. அப்போது மேடையில் முள் கிளைகளைப் பரப்பிவைப்பதே வழி. பூனையின் வீட்டார் யாரென்று தெரிந்தால், குஞ்சு பறக்கும் வரையாவது இரவில் அடைத்துவைக்கக் கேட்டுப் பார்க்கலாம்.

மறுமொழி 3
எழுதியவர்: தவிட்டுக்குருவி (புதுச்சேரி)

ஒரே கூட்டில் கண்ணைப் பதித்திருப்பதைவிட, அதைச் சுற்றியுள்ள கொல்லை முழுவதையும் கேட்கப் பழகினால் உங்கள் பிள்ளைகளுக்கு விடுமுறை போதாது என்பதற்காக எழுதுகிறேன்.

அணிலைக் கள்வனாக மட்டும் பார்க்க வேண்டாம். தரையில் பூனையோ மரத்தில் பாம்போ தென்பட்டால், வாலை வெட்டி வெட்டி அசைத்துக்கொண்டு அணில் விடாமல் ஒரே சீராகக் கத்தும். அந்தச் சத்தத்தைக் கேட்டதும் சின்னானும் தவிட்டுக்குருவிகளும் இரட்டைவால் குருவியும் கூடிவந்து கூச்சலிட்டால், அவை எந்தப் புள்ளியை நோக்கிக் கத்துகின்றனவோ அங்கே சாரைப்பாம்பையோ பகலில் உறங்கும் ஆந்தையையோ நீங்கள் காணலாம். மாறாக, எல்லாக் குரலும் சட்டென்று அடங்கிப்போனால் வானத்தைப் பாருங்கள்; வைரி என்னும் வேட்டைப்பறவை வந்திருக்கக்கூடும்.

சித்திரையில் விடிவதற்கு முன்பே, வேப்பமர உச்சியிலோ தொலைக்காட்சிக் குடையின் விளிம்பிலோ அமர்ந்து நீளமாகச் சீட்டியடிப்பது குண்டுகரிச்சான் ஆண். அது மரப்பொந்து, சுவர் ஓட்டை ஆகியவற்றில் கூடு வைக்கும் பறவை. பழைய மதிலில் செங்கல் பெயர்ந்த இடம் இருந்தால் அடைக்காமல் விடுங்கள். தேன்சிட்டு கூடு கட்டுவதை முதலில் இருந்தே பார்க்கக் கிடைத்தால் அதைத் தவற விட வேண்டாம். ஊதாப்பிட்டத் தேன்சிட்டின் பெண் பறவை துணி காயப்போடும் கம்பியிலோ கொடிநுனியிலோ சிலந்தி நூலைச் சுற்றி, அதில் மரப்பட்டைத் துணுக்கு, உலர்ந்த இலை, புழுவின் எச்சம் எனக் குப்பையாகவே ஒட்டித் தொங்கவிடும்; தொலைவிலிருந்து பார்ப்பவருக்கு அது ஒட்டடைதான். அதனால் விடுமுறைக்கு வீடு ஒட்டடை அடிக்கிறவர்கள் தாழ்வாரத்தில் கொஞ்சம் பார்த்து அடிக்க வேண்டும். தையல்சிட்டு இன்னும் மறைவாக வேலை செய்யும். எலுமிச்சை, கத்திரி போன்ற செடிகளில் இலையை வளைத்து, ஓரங்களில் அலகால் துளையிட்டு, பஞ்சாலும் சிலந்தி நூலாலும் இணைத்து, அந்தப் பைக்குள் பஞ்சு மெத்தை வைக்கும். இலை செடியிலேயே உயிரோடு பச்சையாக இருப்பதால் தண்ணீர் ஊற்றுகிறவர் கண்ணுக்கே தெரியாது. செடியில் மருந்து தெளிப்பவராக இருந்தால் இந்த இரண்டு மாதம் நிறுத்திவிடுங்கள். குஞ்சுகளுக்குப் போக வேண்டிய புழுக்கள்தான் அவை.

தவிட்டுக்குருவிக் கூட்டத்தில், கூடு ஓர் இணைக்கு உரியது என்றாலும் கூட்டத்தின் மற்ற உறுப்பினர்களும் குஞ்சுக்கு இரை கொண்டுவந்து கொடுக்கும். அவற்றின் நீல முட்டைகளுக்கு நடுவே சுடலைக்குயிலும் அக்காக்குயிலும் தங்கள் நீல முட்டையை வைத்துவிட்டுப் போகும். ஆனி மாதத்தில் தன்னைவிடப் பெரிய ஒரு குஞ்சின் பின்னால் தவிட்டுக்குருவிகள் ஓடி ஓடி ஊட்டுவதைக் கண்டால், பிள்ளைகளிடம் இதைச் சொல்லுங்கள். காக்கைக் கூட்டில் குயில் செய்வதைப் பற்றி எல்லோருக்கும் தெரியும், ஆகவே விடுகிறேன்.

படம் எடுப்பது பற்றி ஒரு சொல். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் ‘வேட்டை’ என்பதற்குத் தரப்பட்டுள்ள விளக்கத்திலேயே காட்டுப் பறவைகளின் முட்டையைச் சேதப்படுத்துவதும், முட்டைக்கோ கூட்டுக்கோ இடையூறு செய்வதும் அடங்கும். சன்னலிலிருந்து ஒரு படம் எடுத்ததற்காக யாரும் வழக்குப் போடப் போவதில்லை; ஆனால் இலையைக் கிள்ளி, கிளையை வளைத்துக் கட்டி, பளிச்சென்று விளக்கு அடித்து எடுக்கிறவர்கள் இருக்கிறார்கள், அதைத்தான் சொல்கிறேன். இந்தியாவில் பல பறவை நோக்கர் குழுக்கள் கூட்டுப் படங்களை ஏற்பதே இல்லை. பதிவு செய்ய வேண்டும் என்றால் பறவை நோக்கர்கள் தாங்கள் கண்டவற்றைப் பதியும் ஈபேர்ட் (eBird) இணையதளத்தில் அன்றாடப் பட்டியலிட்டு, கூட்டில் முட்டை, கூட்டில் குஞ்சு, புதிதாகப் பறந்த குஞ்சு என்று இனப்பெருக்கக் குறியீடு சேர்க்கும் வசதி உண்டு. உங்கள் கொல்லையின் ஒரு வரி, தமிழ்நாட்டில் எந்தப் பறவை எந்த மாதத்தில் கூடு வைக்கிறது என்ற கணக்கில் சேரும்.

கேட்டவரின் தொடர்ச்சி
எழுதியவர்: கிணற்றடி

மூவருக்கும் நன்றி. பந்தல் கால்களுக்குத் தகரம் சுற்றியாயிற்று. மேடையில் கருவேல முள் போட்டதிலிருந்து பூனை அங்கே படுப்பதில்லை. மூன்றில் இரண்டு முட்டைகள் பொரித்துள்ளன என்று சன்னலிலிருந்து பார்த்ததில் ஊகிக்கிறோம், மேலே நீளும் வாய்கள் இரண்டுதான் தெரிகின்றன. நேற்று மாலை செம்போத்து பந்தல் வரை வந்தபோது சின்னான் இரண்டும் அதன் தலைக்கு மேல் பாய்ந்து பாய்ந்து கத்தி விரட்டியதைப் பிள்ளைகள் இரண்டு பக்கத்துக்கு எழுதி வைத்திருக்கிறார்கள்.

இன்னும் ஒரே ஐயம். இவ்வூரில் சித்திரை மாதத்தில் மாலையில் சூறைக்காற்றோடு கோடை மழை வரும். கூட்டிலிருந்து குஞ்சு கீழே விழுந்துவிட்டால் எடுத்து வளர்ப்பதா, திரும்ப வைப்பதா?

மறுமொழி 4
எழுதியவர்: வேலிப்பருத்தி

விழுந்த குஞ்சின் உடம்பைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும் ஐயா. இறகு முளைக்காமல், நிற்க முடியாமல் கிடந்தால் அது தவறி விழுந்தது. கையில் எடுத்து, ஈரமாக இருந்தால் உள்ளங்கைக்குள் சற்று நேரம் வைத்துச் சூடேற்றி, கூட்டிலேயே திரும்ப வைத்துவிடுங்கள். வாடையைப் பற்றிய அச்சம் வேண்டாம் என்று முன்பே எழுதினேன். கூடே சரிந்துபோயிருந்தால், அடியில் துளையிட்ட ஒரு தேங்காய் ஓட்டிலோ சிறிய கூடையிலோ பழைய கூட்டை வைத்து, அதே மூலையில், அதே உயரத்தில் கட்டிவிட்டு விலகிவிடுங்கள். கூட்டை நகர்த்தக் கூடாது என்று முதலில் சொன்னதற்கு இது ஒன்றுதான் விலக்கு. பெற்றோர் குஞ்சின் குரலைக் கேட்டு ஓரிரு மணி நேரத்துக்குள் திரும்புகின்றனவா என்று சன்னலிலிருந்து பாருங்கள்.

உடம்பெங்கும் இறகு இருந்து, வால் மட்டும் கட்டையாக, தத்தித் தத்திப் போகும் குஞ்சு விழுந்ததல்ல; கூட்டை விட்டு வெளிவந்தது. பொரித்து ஏறக்குறைய இரண்டு வாரத்தில், சில வேளைகளில் அதற்கும் முன்பாகவே, நன்றாகப் பறக்கத் தெரியாத நிலையில்தான் சின்னான் குஞ்சுகள் வெளியே வருகின்றன. இந்தக் கட்டத்தில் இரக்கப்பட்டு வீட்டுக்குள் கொண்டுபோவதால் கெடும் குஞ்சுகளே அதிகம். பூனை எட்டாத ஒரு புதரில், மருதாணியோ செம்பருத்தியோ எதுவானாலும், எடுத்து விட்டுவிட்டு நகர்ந்துவிடுங்கள். பெற்றோர் அங்கேயே வந்து பல நாட்கள் ஊட்டும். பாலும் சோறும் ஊட்டக் கூடாது; வாயில் தண்ணீர் சொட்டவும் கூடாது, அது மூச்சுக்குழலுக்குள் போய்விடும். காயம் இருந்தாலோ, பெற்றோர் இரண்டும் வராமலே இருந்தாலோ, காற்றுத் துளையிட்ட அட்டைப்பெட்டியில் பழந்துணி விரித்து இருட்டில் வைத்து, வனத்துறையினருக்கோ பறவைகளைப் பார்க்கும் கால்நடை மருத்துவருக்கோ தெரிவியுங்கள்.

குஞ்சுகளுக்கு இறகு நிரம்பிவிட்ட பிறகு யாரும் கூட்டருகே போக வேண்டாம். அந்த நாட்களில் திடுக்கிட்டால் இரண்டும் ஒரே நேரத்தில் வெளியே குதித்துவிடும். திரும்ப வைத்தாலும் தங்காது. பூப் பறிப்பதைக்கூட அந்த வாரத்துக்கு உங்கள் தாயார் பந்தலின் வீட்டுப் பக்கத்தோடு நிறுத்திக்கொள்ளட்டும். பொரிக்காத மூன்றாவது முட்டையை எடுக்கத் தேவையில்லை.

கூடு காலியானதும் பந்தலைக் கத்தரிக்க எண்ணினால் ஆடி வரை தள்ளிப் போடுங்கள். பழைய கூட்டில் பெரும்பாலும் மீண்டும் முட்டையிடாது என்றாலும், அதே இணை அதே பந்தலின் வேறொரு மூலையில் இரண்டாவது கூட்டைத் தொடங்க வாய்ப்பு உண்டு. கால்களில் சுற்றிய தகரமும் அதுவரை இருக்கட்டும்.